முடி நட்ட மூன்றாவது வாரம்: தலை கழுவினால் முடி கையோடு வருகிறது. வேர் போய்விட்டதா?

வேளச்சேரி வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 32. கல்லூரி முடிக்கும்போதே நெற்றியின் இரண்டு ஓரங்களும் ஏறத் தொடங்கிவிட்டன. முப்பதைத் தொட்டபோது முன்பக்கத்தில் பேருக்குத்தான் முடி இருந்தது. நீண்ட காலம் யோசித்து, அதற்கென்று பணம் சேர்த்து, நகரத்திலேயே ஓர் இடத்தில் முடி நடும் சிகிச்சை செய்துகொண்டேன். எஃப்யூஇ முறை, அதாவது முடியை வேர்ப்பகுதியோடு சிறு சிறு கொத்தாகத் துளைத்து எடுத்து நடுவது. பின்மண்டையிலிருந்து அப்படி 2,200 கொத்துகள் (கிராஃப்ட்டுகள்) எடுத்து முன்னால் நட்டார்கள். இப்போது மூன்றாவது வாரம் நடக்கிறது.

முதல் இரண்டு வாரங்களும் சொன்னதைச் சொன்னபடி செய்தேன். பொருக்கு முழுவதும் உதிர்ந்துவிட்டது. நட்ட முடிகள் குத்துக்குத்தாக நின்றன. பல வருடங்களுக்குப் பிறகு கண்ணாடியில் நெற்றிக்கு ஒரு எல்லை தெரிந்தது. அதைப் பார்க்க எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

இந்த வாரம் எல்லாம் தலைகீழாகிவிட்டது. தலை கழுவும்போது உள்ளங்கையில் குட்டிக் குட்டி முடிகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. தலையணை உறையிலும் கிடக்கின்றன. ஒன்றை எடுத்து எவர்சில்வர் தட்டில் வைத்து, கைபேசி விளக்கடியில் பார்த்தேன். ஒரு முனையில் வெள்ளையாக, கடுகில் பாதிகூட இல்லாத ஒரு புள்ளி. அதுதான் வேரா? வேரே வந்துவிட்டால் இனி அந்த இடத்தில் எதுவும் முளைக்காதே என்று நினைத்ததிலிருந்து சரியாகச் சாப்பிடக்கூட முடியவில்லை. சிகிச்சை செய்த இடத்துக்குப் போன் செய்தால் "அது இயல்புதான் சார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஏன் இயல்பு, எதுவரை இயல்பு என்று யாரும் சொல்வதில்லை.

இன்னும் சில கேள்விகள். பின்மண்டையிலும் உச்சியிலும் தொட்டால் உணர்ச்சியே இல்லை. இது எப்போது சரியாகும்? நட்ட இடத்தில் பரு மாதிரி இரண்டு கிளம்பியிருக்கின்றன. அலுவலகம் தரமணியில், பைக்கில்தான் போவேன், ஹெல்மெட் எப்போது போடலாம்? அம்மா கரிசலாங்கண்ணி போட்டு எண்ணெய் காய்ச்சி வைத்துக்கொண்டு தினமும் கேட்கிறார். சின்ன வெங்காயச் சாறு வேறு. வேண்டாம் என்றால் முகம் வாடிவிடுகிறது.

மாதக் கடைசியில் தங்கைக்குத் தாம்பரத்தில் கல்யாணம். மணமேடையில் அவள் பக்கத்தில் நான்தான் நிற்க வேண்டும். அப்பா இல்லை. அதனால்தான் இந்தக் கவலை இத்தனை பெரிதாகத் தெரிகிறதோ என்னவோ. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

குரோம்பேட்டைக்காரன் எழுதியது:

நண்பரே, எனக்கும் இப்படித்தான் மூன்றாவது வாரத்தில் கொட்டத் தொடங்கி, இரண்டு மாதம் முடிவதற்குள் நட்டதில் பெரும்பாலும் போய்விட்டது. இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. முன்னால் வகிடு எடுத்துச் சீவுகிறேன். நிம்மதியாகத் தூங்குங்கள். விவரமாகச் சொல்ல இங்கே ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், அவர் வருவார்.

பெரம்பூர் ஆசிரியர் எழுதியது:

தம்பி, இரவு உங்கள் பதிவைப் படித்தேன். நிதானமாக எழுத வேண்டும் என்று காலைவரை காத்திருந்தேன். நான் பள்ளியில் இயற்பியல் எடுப்பவன். விடுமுறை கிடைப்பது கோடையில்தான் என்பதால் கத்திரி வெயில் நடுவில் செய்துகொண்டேன். ஆகவே சென்னை வெக்கையில் இந்த வாரங்களைக் கடப்பது எப்படி என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

முதலில் அந்த வெள்ளைப் புள்ளி. அது வேர் இல்லை. நாம் முடி என்று கண்ணால் பார்ப்பது தோலுக்கு வெளியே தள்ளப்பட்ட இழை மட்டும்தான். அதை உண்டாக்குகிற மயிர்க்கால் தோலுக்கு அடியில், சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. உங்களுக்கு நட்டது அந்த மயிர்க்காலை. ஒரு கிராஃப்ட்டில் ஒன்று முதல் நான்கு மயிர்க்கால்கள் வரை இருக்கும். அதைப் பின்மண்டையிலிருந்து எடுத்த நொடியில் அதற்கு வந்துகொண்டிருந்த இரத்தம் நின்றுவிடுகிறது. முன்னால் வைத்த பிறகும் முதல் ஓரிரு நாள் சுற்றியுள்ள திசுவிலிருந்து ஊறி வரும் ஆக்சிஜனில்தான் பிழைத்துக் கிடக்கிறது. பிறகுதான் புதிய இரத்த நாளங்கள் அதைத் தொடுகின்றன. இத்தனை அதிர்ச்சிக்குப் பிறகு அது உற்பத்தியை நிறுத்திவிட்டு ஓய்வுக்குப் போகிறது. அதுவரை பிடித்துக்கொண்டிருந்த இழையை விட்டுவிடுகிறது. விடுபட்ட இழையின் அடிமுனை கொஞ்சம் தடித்து வெள்ளையாக இருக்கும். நீங்கள் தட்டில் பார்த்தது அதைத்தான். நம் எல்லோருக்கும் தினமும் ஐம்பது முதல் நூறு முடிவரை உதிர்கிறது, ஒரு கண்ணாடி வில்லையை வைத்துப் பார்த்தால் அவற்றிலும் இதே புள்ளி தெரியும்.

கிராஃப்ட்டே பிடுங்கிக்கொண்டு வந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? முடியோடு இளஞ்சிவப்பாக ஒரு சதைத் துணுக்கு வரும். அந்த இடத்தில் இரத்தம் கசியும். அந்த ஆபத்து முதல் சில நாட்களுக்குத்தான். பத்து நாள் தாண்டிவிட்டால் கிராஃப்ட் தோலோடு தோலாக இறுகிவிடுகிறது. தலை கழுவுகிற கையால் அதை எடுக்க முடியாது. இரத்தம் வந்ததாக நீங்கள் எழுதவில்லை, பத்து நாளும் தாண்டிவிட்டது. ஆகவே ஒன்றும் போகவில்லை.

இப்போது கணக்கு. இரண்டாவது வாரத்துக்கும் ஆறாவது வாரத்துக்கும் இடையில் இந்த உதிர்தல் நடக்கும். ஓய்வு ஏறக்குறைய மூன்று மாதம். மூன்றாம், நான்காம் மாதத்தில் புதிய இழை தோலைத் தாண்டி வரும். தலைமுடி மாதம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது என்பதால் ஆறாம் மாதத்தில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் முடி நிற்கும். எதிரில் வருகிறவர் கவனிப்பது அப்போதுதான். முதலில் வருவது மெல்லியதாக, சுருளாக இருக்கும். பின்னர் தடிக்கும். முழுப் பலன் தெரிய ஒரு வருடம் ஆகும். உச்சந்தலையில் நட்டவர்களுக்கு இன்னும் சில மாதங்கள் கூட ஆகலாம். எல்லா மயிர்க்காலும் ஒரே நாளில் விழிப்பதில்லை. நடுவில் திட்டுத்திட்டாகத் தெரியும் ஒரு பருவம் வரும். அதற்கு மனத்தை இப்போதே தயார்செய்துகொள்ளுங்கள். நட்ட இடத்தில் ஏற்கெனவே இருந்த முடியும் அதிர்ச்சியில் கொஞ்சம் உதிரும் என்பதால், அடுத்த இரண்டு மாதம் சிகிச்சைக்கு முன்பு இருந்ததைவிடக் குறைவாகக்கூடத் தெரியலாம். இதை முன்னதாகவே யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் நீங்கள் சாப்பாட்டை விட்டிருக்க மாட்டீர்கள். போனில் ஒரே வரியில் முடித்தவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

இனி, இந்தப் பதிவை அடுத்து யாரேனும் முதல் வாரத்தில் இருந்துகொண்டு தேடிப் படிப்பார்கள். அவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

வீக்கம். சிகிச்சையின்போது மரத்துப்போகச் செய்யும் மருந்தைச் சலைனோடு கலந்து தலைத்தோலுக்கு அடியில் நிறையச் செலுத்துகிறார்கள். அந்த நீர் எங்கே போகும்? புவியீர்ப்பு இழுக்கிற பக்கம்தான். இரண்டாம் நாள் நெற்றி உப்பியது. அடுத்த நாள் காலை மூக்கின் மேல் பாலம் போல ஒரு மேடு. அதற்கு மறுநாள் இடது கண்ணை விரலால் விரித்துத்தான் திறக்க வேண்டியிருந்தது. என் மகள் பயந்து அறைக்குள் வரவில்லை. ஐந்தாறு நாளில் அது கன்னம் வழியாக இறங்கி வற்றிவிட்டது. இதைக் குறைக்க நல்ல வழி, தலையை ஏறக்குறைய 45 பாகை சாய்வில் வைத்துத் தூங்குவது. என் தாத்தாவின் துணிச் சாய்வு நாற்காலியைப் பரணிலிருந்து இறக்கி, கழுத்துக்குப் பயணத் தலையணை வைத்துக்கொண்டேன். ஐஸ் ஒற்றடம் நெற்றியில் மட்டும் வைக்கலாம். நட்ட இடத்தின் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது.

விக்கல். சிலருக்குச் சிகிச்சைக்குப் பிறகு ஓரிரு நாள் விக்கல் நிற்காது. எனக்கும் வந்தது. இதை முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை. மருத்துவரிடம் சொன்னால் மாத்திரை தருவார்.

பின்மண்டை. எல்லோரும் நட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். உண்மையில் முதல் மூன்று இரவுகள் வலிப்பது எடுத்த இடம். அங்கே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான புள்ளிகளாக ஆயிரக்கணக்கில் துளைகள் இருக்கின்றன, நீர் கசியும். தலையணையில் பழைய பருத்தி வேட்டியை மடித்து விரித்தோம். விடியற்காலையில் எழுந்தால் வேட்டி தலையோடு ஒட்டியிருக்கும். அதை அப்படியே இழுக்கக் கூடாது. என் மனைவி சலைன் ஸ்பிரேயை வேட்டியின் மேலேயே அடித்து, ஊறவிட்டு, நூல் நூலாகப் பிரிப்பதுபோல் ஓரத்திலிருந்து மெல்ல எடுப்பாள். அந்தப் பொறுமையை நான் மறக்க மாட்டேன்.

ஆட்டோ. சிரிக்காதீர்கள், இது முக்கியம். மறுநாள் கட்டுப் பிரிக்கவும் பிறகு பரிசோதனைக்கும் போகும்போது ஆட்டோவுக்குள் குனிந்து ஏறுகிறோம்; மேல் கம்பி சரியாக முன்தலையின் உயரத்தில் இருக்கிறது. உச்சி மரத்துப்போயிருப்பதால் இடித்தால்கூட உறைக்காது. நான் ஏறும்போதும் இறங்கும்போதும் மனைவி தன் உள்ளங்கையைக் கம்பியின் அடியில் வைத்துக்கொள்வாள். வீட்டில் திறந்து கிடக்கும் அலமாரிக் கதவும் இதே கதைதான். சட்டை முன்னால் பொத்தான் வைத்ததாக இருக்கட்டும். பனியன், டி-ஷர்ட் எதையும் பத்து நாளுக்குத் தலை வழியாகப் போட வேண்டாம்.

தண்ணீர். எங்கள் தெருவில் நிலத்தடி நீர் கடுமையான உப்பு. கடின நீரில் ஷாம்பு சரியாக நுரைக்காது. நுரைக்கவில்லை என்றால் கை தானாகத் தேய்க்கப் போகும். அதனால் முதல் இரண்டு வாரம் தலைக்கு மட்டும் கேன் தண்ணீரை வெதுவெதுப்பாக்கிப் பயன்படுத்தினோம். வேளச்சேரியிலும் பல இடங்களில் இதே நிலைமைதான் என்று நினைக்கிறேன்.

வியர்வை. மே மாதத்தில் மின்விசிறியை மட்டும் நம்பியிருக்க முடியவில்லை. பகல் பதினொன்றிலிருந்து மாலை ஐந்துவரை ஏசி அறையை விட்டு வெளியே வரவில்லை. உடற்பயிற்சி, பளு தூக்குவது, கடற்கரையில் ஓடுவது எதுவும் ஒரு மாதம் வேண்டாம். நீச்சலும் கடல் குளியலும் அப்படியே. புகைப்பவர்கள் இந்த வாரங்களிலாவது நிறுத்திவிடுங்கள். நிகோடின் இரத்த நாளங்களைச் சுருக்கும். ஏற்கெனவே ஆக்சிஜனுக்குத் தவிக்கிற மயிர்க்காலுக்கு அதைவிடக் கொடுமை வேறில்லை.

உங்கள் ஹெல்மெட் கேள்வி. மூன்றாவது வாரம் முடிகிறது என்பதால் உங்கள் மருத்துவர் பெரும்பாலும் சம்மதிப்பார். ஆனால் அவரிடம் தலையைக் காட்டிக் கேட்டுவிட்டுப் போடுங்கள். நெற்றியிலிருந்து பின்னால் இழுத்து மாட்டாமல், நேர் மேலிருந்து இறக்குங்கள். உள்ளே துவைத்த மெல்லிய பருத்தித் துணி இருக்கட்டும். தலையில் படாமல் இருக்க வேண்டும் என்று தொளதொளவென்று பெரிய ஹெல்மெட் வாங்கிப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விழுந்தால் அது காப்பாற்றாது. அதற்குப் பதில் சில வாரம் ரயிலில் போங்கள். வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறினால் பெருங்குடிக்கு அடுத்த நிலையம் தரமணி. நிலையத்திலிருந்து நடக்கும்போது குடை பிடியுங்கள். வெயில் நேராகத் தலையில் படுவது இன்னும் சில மாதங்களுக்கு நல்லதில்லை.

மரத்துப்போனது மெல்லத் திரும்பும். நரம்பு நுனிகள் வளர்ந்து வர வேண்டும். சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகும். திரும்பும்போது சுருக்கென்று குத்தும், அரிக்கும். அது நல்ல அறிகுறி. அதுவரை கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றாதீர்கள், சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும்.

கடைசியாக ஒன்று. கைபேசி விளக்கை வைத்துக்கொண்டு தினமும் பார்ப்பதை நிறுத்துங்கள். மாதம் ஒரு முறை, ஒரே சன்னல் பக்கத்தில், ஒரே நேரத்தில் ஒரு படம் எடுத்துவைத்தால் போதும். வளர்ச்சி ஒரு நாளில் தெரியக்கூடிய அளவுக்கு நடப்பதில்லை. தினமும் தேடினால் குறை மட்டுமே கண்ணில் படும்.

கொளத்தூர் அக்கா எழுதியது:

தம்பி, என் கணவருக்குச் செய்தபோது தலை கழுவிவிட்டவள் நான். அதனால் எண்ணெய் விஷயத்தை நான் சொல்கிறேன்.

எண்ணெய் வேண்டாம். இப்போது மட்டும்தான் வேண்டாம். துளைகள் ஆறி, புது முடி தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வர வேண்டிய காலம் இது. எண்ணெய்ப் பிசுக்கும் வியர்வையும் சேர்ந்து அடைத்தால் பரு அதிகமாகும். வெங்காயச் சாறு ஆறாத தோலில் எரிச்சலையும் புண்ணையும் கொண்டுவந்துவிடும். இதையெல்லாம் அம்மாவிடம் வாதமாகச் சொல்லாதீர்கள். என் மாமியாரும் இப்படித்தான் ஒரு பாட்டில் காய்ச்சி வைத்திருந்தார். பிள்ளை தலையைக் காயத்தோடு பார்க்கும் தாய்க்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கை துடிக்கும். நான் அவருக்கு வேலை கொடுத்தேன். தலையணை உறையைத் தினமும் வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போடுவது அவர் பொறுப்பு. ஸ்பிரே அடிக்கும் நேரத்தை நினைவூட்டுவது அவர் பொறுப்பு. முட்டை, கீரை, பருப்பு என்று சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டதும் அவரே. பிறகு எண்ணெய்ப் பேச்சே வரவில்லை. அந்த பாட்டிலை எடுத்துவைத்து, மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு பின்மண்டையில் அவர் கையாலேயே தேய்க்கச் சொன்னோம்.

பொருக்கு உதிராமல் இன்னும் யாருக்காவது இருந்தால்: ஷாம்பு நுரையைக் கையில் எடுத்து, தலையில் ஒற்றி ஒற்றி வைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, குவளையால் மெல்ல ஊற்றுங்கள். ஷவருக்கு அடியில் நிற்க வேண்டாம். பத்தாம் நாளுக்குப் பிறகு விரலின் சதைப் பகுதியால் வட்டமாக வருடினால் பொருக்கு தானாக வரும். நகம் படவே கூடாது. நான் அந்த இரண்டு வாரமும் நகத்தை ஒட்ட வெட்டியிருந்தேன்.

பக்கத்து வீட்டார் "திருப்பதியா, பழநியா?" என்று கேட்பார்கள். நாங்கள் உண்மையைச் சொன்னோம். அதன் பிறகு இரண்டு பேர் இரகசியமாக வந்து விவரம் கேட்டுவிட்டுப் போனார்கள்.

தோல் மருத்துவர் (அண்ணா நகர்) எழுதியது:

ஆசிரியர் சொன்னது சரி. நேரில் பார்க்காமல் உங்களுக்கு வைத்தியம் சொல்ல முடியாது. பொதுவாகச் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

பரு இரண்டு என்றால் பதற வேண்டாம். மூன்றாவது வாரத்திலிருந்து சில மாதங்கள்வரை புதிய இழை வெளியே வர முயலும்போது இப்படிக் கிளம்பும். கிள்ளாதீர்கள். சுத்தமான துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்து ஒற்றடம் கொடுத்தால் பெரும்பாலும் அமுங்கிவிடும். கொத்தாக வந்தால், சீழ் பிடித்தால், கிளினிக்குக்கு நேரில் போய்க் காட்டுங்கள். போனில் பேசி விட்டுவிட வேண்டாம். எப்போது உடனே போக வேண்டும் என்றால்: காய்ச்சல், துர்நாற்றம், நாளுக்கு நாள் பரவும் சிவப்பு, ஒருமுறை குறைந்த வலி மீண்டும் ஏறுவது, நட்ட இடத்தில் தோல் கருத்துப்போவது. கடைசியில் சொன்னது இரத்த ஓட்டம் இல்லாமல் தோல் சாகிற அறிகுறி. அரிது, ஆனால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

பலருக்குப் புரியாத ஒன்று. பின்மண்டை முடி ஆண் வழுக்கையை உண்டாக்கும் ஹார்மோனால் அதிகம் பாதிக்கப்படுவதில்லை. முன்னால் நட்டாலும் அந்தக் குணத்தோடுதான் இருக்கும். 1959-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் வெளியிட்ட இந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான் இந்தச் சிகிச்சையே நிற்கிறது. ஆனால் நடாத பழைய முடிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அது தன் போக்கில் மெலிந்துகொண்டே போகும். இப்போது அதிர்ச்சியில் உதிரும் பழைய முடியில் வலுவானவை திரும்ப வரும். ஏற்கெனவே நூலாக மெலிந்தவை வராமலும் போகலாம். அதனால்தான் பழைய முடியைக் காக்கும் மருந்துகளான மினாக்ஸிடில், ஃபினாஸ்டிரைடு பற்றிப் பேசுகிறோம். மினாக்ஸிடிலைத் தோல் நன்றாக ஆறிய பிறகு, மருத்துவர் சொல்லும் வாரத்தில் தொடங்க வேண்டும். ஃபினாஸ்டிரைடு 1 மில்லிகிராம் மாத்திரையைச் சீட்டில்லாமல் கடையில் வாங்கிச் சாப்பிடாதீர்கள். சிலருக்குப் பாலியல் சார்ந்த பக்கவிளைவுகள் வரும், அதைப் பேசித் தெரிந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் உடைந்த மாத்திரையை அவர் தொடக் கூடாது. பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை, அதன் குறைபாடு இல்லாதவர்களுக்குப் பெரிதாக எதுவும் செய்யாது. அதிக அளவில் சாப்பிட்டால் தைராய்டு போன்ற சில இரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தவறாகக் காட்டும்.

இனிமேல் செய்துகொள்ள நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2016-இல் இதே சென்னையில் ஒரு மருத்துவ மாணவர் இந்தச் சிகிச்சைக்குப் பிறகு உயிரிழந்தார். இது அழகு நிலைய வேலை இல்லை, அறுவை சிகிச்சை. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமும் முறையான பயிற்சி பெற்ற, பதிவுசெய்த மருத்துவரே இதைச் செய்ய வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. மயக்க மருந்து தருபவர் யார், அவசரம் வந்தால் என்ன ஏற்பாடு, அடுத்த மாதம் தலையைப் பார்க்கப்போவது யார் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் படுக்காதீர்கள்.

வேளச்சேரி வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியர் எழுதியதை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கொளத்தூர் அக்கா சொன்னதை அவரே வாங்கிப் படித்துவிட்டு, தலையணை உறையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். இன்று மதியம் வயிறாரச் சாப்பிட்டேன்.

இரண்டே கேள்விகள் மிச்சம். எங்கள் வழக்கப்படி கல்யாணத்தில் மைத்துனனுக்கு உருமால் கட்டுவார்கள், கட்டிக்கொள்ளலாமா? தங்கை கல்யாணம் நல்லபடியாக முடிந்தால் எனக்குப் பழநியில் மொட்டை போடுவதாக அம்மா எப்போதோ வேண்டிக்கொண்டிருக்கிறாராம். இப்போதுதான் சொல்கிறார். இதற்கு என்ன செய்வது?

பெரம்பூர் ஆசிரியர் எழுதியது:

நான்கு வாரம் தாண்டிவிடும் என்பதால் உருமால் கட்டலாம். புதுப் பட்டில் சரிகை ஓரம் சொரசொரப்பாக இருக்கும். அடியில் மெல்லிய பருத்தித் துணியை வைத்துவிட்டு அதன் மேல் கட்டச் சொல்லுங்கள். கட்டுகிற பெரியவரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் இறுக்க மாட்டார். சடங்கு முடிந்ததும் கழற்றிவிடுங்கள், ஓமத் தீயின் பக்கத்தில் மணிக்கணக்கில் வியர்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். எப்படியும் உங்கள் தலையை அன்று யாரும் பார்க்கப்போவதில்லை, தங்கையைத்தான் பார்ப்பார்கள். நீங்களும் அவளைப் பாருங்கள்.

மொட்டை பற்றி மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

தோல் மருத்துவர் (அண்ணா நகர்) எழுதியது:

மயிர்க்கால் தோலுக்கு அடியில் இருப்பதால், எல்லாம் வளர்ந்து நிலைத்த பிறகு சவரக்கத்தி அதை ஒன்றும் செய்யாது. மழித்தாலும் திரும்ப முளைக்கும். ஆனால் இப்போது வேண்டாம். பின்மண்டையிலும் பக்கங்களிலும் டிரிம்மர் போடுவதையே உங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நட்ட இடத்தில் கத்தி படுவதற்கு ஒரு வருடம் போகட்டும். அதுவரை நேர்த்திக்கடன் காத்திருக்கும் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

வேளச்சேரி வாசி எழுதியது:

சொல்லிவிட்டேன். அடுத்த வருடம் தைப்பூசத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நாட்காட்டியில் குறித்துவைத்துவிட்டார். கல்யாணம் முடிந்ததும் முதல் மாதப் படத்தை இங்கே போடுகிறேன்.